பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

அன்புள்ள மருமகளுக்கு,

தடய அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷம். ஆனால் எதை நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வருகிறாய் என்பது முக்கியம். நீ பார்க்கும் தொடர்களில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்ப்பார். அடுத்த காட்சியில் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிடுவார். ஆய்வகத்தில் அப்படி ஒருவர் கிடையாது. ஆளைக் கண்டுபிடிப்பது புலனாய்வு அதிகாரியின் வேலை, தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. நம் மேசைக்கு வந்த பொருள் என்ன சொல்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுப்பதுதான் நம் வேலை. அதற்கும் முன்னால், அது எங்கிருந்து எடுத்த பொருள், யார் யார் கை வழியாக வந்தது என்பதில் சந்தேகம் விழாமல் காப்பாற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டாவதைச் சின்ன வேலையாக நினைக்கிறார்கள். பெரிய சறுக்கல்கள் அங்கேதான் நடந்திருக்கின்றன.

இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் 1983-லும் 1986-லும் பள்ளி மாணவிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையையும் அவன்தான் செய்தானா என்று தெரிந்துகொள்ள, லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டி.என்.ஏ. அடையாள முறையை 1984-இல் கண்டறிந்திருந்த அலெக் ஜெஃப்ரிஸிடம் போலீஸ் போனது. இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை என்று விடை வந்தது. கொலை வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் காரியம் ஒருவனைச் சிக்கவைத்தது அல்ல, விடுவித்தது. இதை மறக்காதே.

பிறகு சுற்று வட்டார ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் மாதிரி எடுத்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. உண்மையான கொலையாளி காலின் பிட்ச்ஃபோர்க், தன் பெயரில் ரத்தம் கொடுக்க உடன் வேலை செய்த ஒருவரை அனுப்பியிருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் பேச்சுவாக்கில் உளறியது போலீஸ் காதுக்கு எட்டிய பிறகே பிட்ச்ஃபோர்க் பிடிபட்டான். 1988-இல் தண்டனை கிடைத்தது. சோதனையில் எந்தப் பிழையும் இல்லை. குழாயின் மேல் ஒட்டிய பெயர்தான் பொய்.

இன்னொன்று ஜெர்மனியில் நடந்தது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்ததோடு ஒத்துப்போனது. கொலையும் செய்கிறாள், சில்லறைத் திருட்டும் செய்கிறாள், ஆனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தகவல் தந்தால் 3 லட்சம் யூரோ என்று பரிசு அறிவித்தார்கள். 2009-இல் உண்மை தெரிந்தது. தடயம் எடுத்த பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அகற்றுவது வேறு. இதற்கென்றே 2016-இல் தனி சர்வதேசத் தர விதி வந்தது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர் வேலையைப் பார். ரத்தம் தோய்ந்த சேலையை நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையில் வைக்க வேண்டும். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த துணி என்றால் நேர் எதிர். ஆவி பறந்துவிடாமல் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். விஷச் சாவு என்றால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பிரேதப் பரிசோதனையிலிருந்து அடர்ந்த உப்புக் கரைசலில் வரும். கூடவே அந்தக் கரைசலில் கொஞ்சம் தனிப் புட்டியில் வரவேண்டும். விஷம் உடலில் இருந்ததா, கரைசலில் இருந்ததா என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் பதில் வேண்டுமே. குடிபோதை பார்க்கும் ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் ரத்தம் புட்டியிலேயே நொதித்து, குடிக்காதவன் ரத்தத்திலும் ஆல்கஹால் காட்டலாம்.

தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தின் கடிதத்தோடு, அரக்கு முத்திரை வைத்து வரும். பிரிப்பதற்கு முன் கடிதத்தில் உள்ள மாதிரி முத்திரையும் பொட்டலத்து முத்திரையும் ஒன்றுதானா, உடையாமல் இருக்கிறதா, கடிதத்தில் சொன்ன பொருள்தான் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் வேதியியல்.

அந்த வேதியியலிலும் அவசரம் ஆகாது. பழுப்புக் கறை மீது பினால்ஃப்தலின் கரைசலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் விட்டால் ரோஸ் நிறம் வரும். உடனே ரத்தம் என்று எழுதிவிடக் கூடாது. சில காய்கறிச் சாறுகளும் அப்படி நிறம் காட்டும். முதல் சோதனை ‘இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லும். அடுத்தது ரத்தம்தானா என்று உறுதிசெய்யும். அதற்கடுத்தது மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்று பிரிக்கும். யாருடையது என்பது டி.என்.ஏ. பிரிவின் வேலை. எந்தப் படியில் நிற்கிறாயோ அந்தப் படிக்குரிய சொல்லைத்தான் அறிக்கையில் எழுதலாம். “கண்டறிய இயலவில்லை” என்று எழுத நேர்ந்தால் கூச்சப்படாதே. அதுவும் ஒரு முடிவுதான்.

இந்த ஒழுங்கு நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னையில் 1849-லேயே அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது. விஷ வழக்குகள்தான் அதன் முக்கிய வேலை. இன்றைய தடய அறிவியல் துறையில் நச்சியல், சீராலஜி, வெடிபொருள், துப்பாக்கி, ஆவணம், மதுவிலக்கு என்று பல பிரிவுகள். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணி, கம்பி, எஃகுக் குண்டுமணிகளை வைத்து, குண்டு இடுப்புப் பட்டையாகக் கட்டப்பட்டிருந்தது என்று அப்போதைய துறை இயக்குநர் பி. சந்திரசேகரன் நிறுவிக் காட்டினார். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்களே, அப்படிப்பட்ட சாராயத்தில் மெத்தனால் எவ்வளவு என்று அளந்து சொல்வதும் ஆய்வக வேலைதான். ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே: இங்கே கைரேகைப் பிரிவு காவல் துறையோடு இருக்கிறது, நம்மோடு அல்ல.

உன் காலத்தில் வேலை இன்னும் பெருகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை அமல்படுத்த 5 ஆண்டு அவகாசம் உண்டு. படித்து முடித்து வரும்போது உன்னைப் போன்றவர்களுக்குத் தேவை இருக்கும்.

படிப்பு விஷயம். ‘தடய அறிவியல்’ என்று பெயர்ப்பலகை உள்ள கல்லூரியைத் தேடி அலைவதை விட, வேதியியலையோ உயிர் வேதியியலையோ ஒழுங்காகப் படி. ஆய்வகக் குறிப்பேட்டில் பேனாவால் எழுது. தப்பினால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடு. இந்தப் பழக்கம் சட்டப் புத்தகத்தை விட உனக்கு உதவும்.

விடுமுறையில் ஒரு காரியம் செய். மாவட்ட நீதிமன்றத்தில் கொலை வழக்கு விசாரணை பெரும்பாலும் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். போய்ப் பின் பெஞ்சில் உட்கார். தடயவியல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளாகப் பார்த்துப் போ. வக்கீல் சோதனை முறையைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார். முத்திரை எப்படி இருந்தது, எத்தனை நாள் கழித்து வந்தது, யார் கொண்டுவந்தார், எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் துருவுவார். பதில் சொல்பவர் தன் பதிவேட்டை மட்டும் நம்பி நிற்பதைக் கவனி. கேட்டுவிட்டு வந்த பிறகும் இந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றினால் எழுது. எந்தக் கல்லூரி, எந்தத் தேர்வு என்று உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் அத்தை