வெளுப்பு கிரீம் விற்கலாமா?

கேள்வி: மணப்பெண் அலங்காரம் கற்றிருக்கிறேன். நிபோங் திபாலில் சிறிய அழகு நிலையம் தொடங்க ஆசை. ஒரு முகவர், பெயர்ச் சீட்டில்லாத வெளுப்பு கிரீமை மலிவாகத் தருகிறார். ஒரே வாரத்தில் நிறம் மாறுமாம். வாங்கலாமா?
- ஒரு வாசகி, பைராம் தோட்டம், பினாங்கு

பதில்: வேண்டாம் தங்கையே. ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் பெரும்பாலும் பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ ஒளிந்திருக்கும். அழகுப் பொருள்களில் இரண்டுக்குமே மலேசியாவில் தடை உண்டு. பாதரசம் தோல்வழி உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பாதிப்பு பூசியவரோடு நிற்காது, அவர் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் ஒட்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பல காலமாக எச்சரித்து வருகிறது.

இங்கே 2008 முதல் எந்த அழகுப் பொருளையும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்த பிறகே விற்க வேண்டும். பொருளின் பெயரை அந்த முகமையின் இணையத்தளத்தில் தேடுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். வெளுப்பு ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்களையும் திருப்பி அனுப்புங்கள். ஊசி மருத்துவர் வேலை.

கடைக்குச் செபராங் பிறை மாநகர் மன்ற உரிமம் எடுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் இருந்தால் நம்பிக்கை கூடும். முதலுக்கு, இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி கடனைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண மாதங்களில் வேலை குவியும், மற்ற மாதங்களில் வாடகையே சுமையாகும். ஆகவே முதலில் வீடு தேடிச் சென்று அலங்காரம் செய்யுங்கள்.

நம் பெண்களின் மாநிறத்துக்குப் பொருந்தும் அலங்காரத்தில் தேர்ச்சி பெறுங்கள். அந்த முகவரிடம் கிரீம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.