மாற்றிய சுவாசப்பையும் மறவாத நிர்ப்பீடனமும்

1963இல் அமெரிக்காவில் முதன்முதலாகச் சுவாசப்பை மாற்றப்பெற்றவர் 18 நாட்களே வாழ்ந்தார். 1983இல் ரொறன்ரோவில் டாக்டர் ஜோயல் கூப்பர் குழுவினரிடம் சிகிச்சை பெற்றவரோ ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று சத்திரசிகிச்சையை விடப் பெரிய தடை, பின்னர் மெல்ல வரும் நாட்பட்ட நிராகரிப்பே. ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இது ஏற்படுகிறது.

காரணம் என்ன? நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தி, பிறர் உறுப்பை என்றும் அந்நியமாகவே காண்கிறது. சிறுநீரகம் உடலுக்குள் மூடிக் கிடக்கிறது; சுவாசப்பையோ ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றையும் கிருமிகளையும் சந்திக்கிறது. தடிமன், சளிச்சுரம், மேலேறும் இரைப்பை அமிலம் ஆகியன இந்தக் காவற்படையைத் தட்டி எழுப்பக்கூடும். ரி கலங்களும் பிறபொருளெதிரிகளும் தாக்க, மிகச் சிறிய சுவாசக் குழாய்களில் தழும்பு விழுந்து அவை ஒடுங்குகின்றன. அத்தழும்பு பெரும்பாலும் மாறாது.

ஆரம்பத்தில் இந்த இழப்பு உடம்புக்குத் தெரியாமற் போகலாம். ஊதிப் பார்க்கும் கருவி காட்டிவிடும். முதல் விநாடியில் ஊதும் காற்று ஒருவரது சிறந்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்து அப்படியே நின்றால், வைத்தியர்கள் இந்நோயைச் சந்தேகிப்பர். 3 லீற்றர் ஊதியவருக்கு அது 2.4 லீற்றர். அதுவரை காத்திருக்கலாகாது.

ஆகவே, சுகமாயிருக்கிறதென்று குளிசைகளை நிறுத்த வேண்டாம். வைத்தியரைக் கேளாமல் நாட்டு மருந்து எடுக்க வேண்டாம். கருவி தரப்பட்டிருந்தால், சொன்னபடி ஊதி, எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். வரவு செலவுக் கணக்கைப் போல, சிறு துண்டு விழும்போதே கவனிக்க வேண்டும். எண் இறங்கினால் அன்றே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள்.