பாட்டிக்கும் அந்தப் படங்கள் தெரியட்டும்

சென்னையில் உருவான 'ஆவாஸ்' போல, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆப் ஒன்றைப் பேச்சு வராத குழந்தைக்கு வாங்கித் தந்திருப்பீர்கள். தெரபிஸ்டிடம் அரை மணி நேரம் ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் டேப்லெட் அலமாரிக்குப் போய்விடுகிறது. எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாததுதான் பெரும்பாலும் காரணம்.

குழந்தை தூங்கிய பிறகு பத்து நிமிடம் நீங்களே அதில் பேசிப் பழகுங்கள். முதல் வாரத்துக்கு 'வேணும்', 'வேண்டாம்', 'இன்னும்', 'போதும்', 'உதவி' ஆகிய ஐந்தே போதும்.

சாப்பாட்டு நேரம் இதற்கு மிக நல்லது. "இன்னும் தோசை வேணுமா?" என்று வாயால் கேட்டுக்கொண்டே 'இன்னும்' படத்தை நீங்கள் தொடுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். குழந்தை தொடாவிட்டாலும் தோசையைப் போடுங்கள். "எங்கே, தொட்டுக் காட்டு" என்று பரீட்சை வைக்கவே வேண்டாம். நீங்கள் தவறான படத்தைத் தொட்டுவிட்டால் கவலையில்லை. திருத்திக்கொள்வதையும் குழந்தை பார்த்துக் கற்கும்.

படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். விரல் இடத்தை வைத்தே பழகுகிறது. பாட்டிக்கு டேப்லெட் என்றால் தயக்கமா? முதல் பக்கத்தை அச்சிட்டு, லேமினேட் செய்து, ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். சார்ஜ் தீர்ந்த நாளிலும் அதுவே கைகொடுக்கும். புதிதாகச் சேர்த்த சொற்களை மாதம் ஒருமுறை பேக்கப் எடுங்கள்.

குறும்பு செய்தான் என்று டேப்லெட்டை மட்டும் பிடுங்கி வைக்காதீர்கள். அழும் நேரத்தில் 'வலிக்குது' என்று சொல்ல அது அவன் கையில் இருக்க வேண்டும்.