மெதுவான இணையம்: புதிதாக வேலைக்கு வந்த டெக்னீஷியனுக்கு ஒரு கடிதம்



"நெட் ஸ்லோவா இருக்கு" என்ற ஒரே புகாருக்குள் பல கோளாறுகள் அடங்கியிருக்கும். தெருவிலிருந்து வரும் ஃபைபர், மோடம் என்றே பலரும் சொல்லும் ஓஎன்டி பெட்டி, லேன் கேபிள், ரவுட்டர், வைஃபை, கடைசியில் கையிலிருக்கும் போன் என்று இத்தனையில் எது நலிந்தாலும் திரையில் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கும் அதே வட்டம்தான். கோளாறு எந்த இடத்தில் என்று பிரித்தறிவதுதான் வேலையின் பெரும்பகுதி. இடம் தெரிந்துவிட்டால் திருத்துவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரவுட்டரை அணைத்துப் போடும் பழக்கத்தை விட வேண்டும். அப்படிச் செய்தால் பல வேளைகளில் வேகம் திரும்பிவிடும், ஆனால் காரணம் தெரியாமலே போய்விடும். மறுவாரம் அதே வீட்டிலிருந்து அதே புகார் வரும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, எத்தனை நாளாக ஓடுகிறது, எத்தனை சாதனங்கள் இணைந்திருக்கின்றன, எந்தச் சேனலில் இயங்குகிறது என்று குறித்துக்கொண்ட பிறகு அணைக்கலாம்.

முதல் அளவீடு கம்பி வழியாகத்தான் இருக்க வேண்டும். மற்றச் சாதனங்களைத் துண்டித்துவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாகச் செருகி வேகம் பார்த்தால், கோளாறு வைஃபையிலா அதற்கு முன்னாலா என்பது தெரிந்துவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்த வீட்டில் எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கு இழைகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். முனையிலுள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்து ஜாக் தளர்ந்திருக்கிறதா, கிரிம்ப் செய்த இடத்தில் இழைகள் ஒரே அளவில் உள்ளே போயிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கேபிள் சரி, ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை என்றால் ரவுட்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கம்பியிலேயே வேகம் இல்லையென்றால் ஃபைபரைப் பார்க்க வேண்டும். மாத டேட்டா வரம்பு தீர்ந்து நிறுவனமே வேகத்தைக் குறைத்திருக்கிறதா என்று அதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது. ஓஎன்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. எரியாவிட்டாலும் ஓஎன்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஒளி அளவைப் படிக்க வேண்டும். ஜிபான் வகை ஃபைபர் இணைப்புகளில் அது -20 டிபிஎம் அளவில் இருந்தால் நலம், -27-ஐ நெருங்கினால் பிழைகள் பெருகும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபைபர் மடங்கி நசுங்கியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. கனெக்டர் முனையில் ஒட்டிய தூசியும் ஒளியைத் தின்னும். ஃபைபர் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. உள்ளே வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பகலில் சரியாக இருந்து இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் கம்பியிலும் வேகம் இறங்கினால், கோளாறு வீட்டுக்கு வெளியே. நிறுவனத்தின் ஒரு ஜிபான் போர்ட்டின் 2.488 ஜிபிபிஎஸ் பல வீடுகளுக்குப் பகிரப்படுகிறது, அதற்கு மேலுள்ள இணைப்பும் பொதுவானதே.

கம்பியில் வேகம் முழுதாக இருந்தால் மிச்சம் வைஃபைதான். பெரும்பாலான வீடுகளில் விடை இங்கேதான் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றையே பங்குபோடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் அலை வெகுவாக இளைத்துவிடும். பீரோவுக்குப் பின்னாலும் ஷோகேஸுக்குள்ளும் ரவுட்டரை மறைத்து வைக்கும் வீடுகளில், அதை வெளியே எடுத்து உயரத்தில் வைப்பதே பாதி மருந்து. போனில் சிக்னல் அளவு சுமார் -67 டிபிஎம் இருந்தால் வீடியோவுக்குப் போதும், -80-க்குக் கீழே எதையும் நம்ப முடியாது. பின்னறைக்கு எட்டவில்லை என்றால், ஒற்றை ரேடியோ ரிப்பீட்டரை விற்றுவிட்டு வரக் கூடாது. சிக்னலை வாங்குவதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் அதே ரேடியோ என்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். செலவு கூடினாலும் அந்த அறைக்குக் கேபிள் இழுத்து அக்சஸ் பாயிண்ட் வைப்பதே நேர்மையான வேலை.

வேகச் சோதனையில் 100 முழுதாகக் காட்டியும் வீடியோ கால் விட்டுவிட்டு வரும் வீடுகள் உண்டு. வீட்டுக்காரர் சொல்வதை இங்கே நம்ப வேண்டும், சோதனை எண்ணைக் காட்டி அவர் வாயை அடைக்கக் கூடாது. யாரோ ஒருவரின் போன் பின்னணியில் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை நிறைந்ததும் பாக்கெட்டுகள் பஃபரில் தேங்கி நிற்கும். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் பஃபர்ப்ளோட் என்று பெயரிட்ட கோளாறு இது. இதற்கு வலைப்பின்னல் ஆராய்ச்சியாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற வரிசை நிர்வாக முறையை வெளியிட்டார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது: பிங்கை ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை ஏற்ற வேண்டும். 15 மில்லிசெகண்டில் இருந்த பிங் சில நூறுக்குத் தாவினால் நோய் இதுவே. ரவுட்டரில் கோடெல் போன்ற முறையைப் பயன்படுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் அதை இயக்கி, வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்கு வைக்க வேண்டும். இல்லையென்றால் படங்களின் பேக்கப்பை இரவு நேரத்துக்கு மாற்றச் சொல்லலாம்.

எது திருத்தப்பட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முதலில் அளந்த அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு எண்களையும் வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கோளாறு நிறுவனத்தின் பக்கம் என்றால், தேதி, நேரம், கம்பி வழி வேகம், ஒளி அளவு ஆகிய நான்கும் புகாரில் இருக்க வேண்டும். "ஸ்லோ" என்று மட்டும் எழுதிய புகாருக்கு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலே வரும்.