எச்-1பி வைத்திருப்பவர் ‘ரெசிடென்ட்’டா?

கேள்வி: 2024 மார்ச் முதல் எச்-1பி விசாவில் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். கிரீன் கார்டு இல்லை. இங்கே வரிப் படிவம் போடும் சி.பி.ஏ. என்னை ‘ரெசிடென்ட்’ என்கிறார். சென்னை வங்கியிலோ ‘நீங்கள் நான்-ரெசிடென்ட், கணக்கை மாற்றுங்கள்’ என்கிறார்கள். அங்கே எனக்கு ஒரு சேமிப்புக் கணக்கும், அம்மா பெயரோடு சேர்ந்த எஃப்.டி.யும் உண்டு. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. ஒவ்வொரு சட்டமும் ‘ரெசிடென்ட்’டுக்குத் தனி வரையறை வைத்திருக்கிறது.

குடியேற்றச் சட்டத்தில் கிரீன் கார்டு வந்தால்தான் நிரந்தரவாசி. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு நாள் கணக்கு போதும். இந்த ஆண்டு குறைந்தது 31 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்த ஆண்டு நாட்கள் முழுவதையும், போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டினால் 183 வர வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் இதில் சேராது. அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவோ, வேலைக்காக வெளிநாடு போனவரை நான்-ரெசிடென்டாகப் பார்க்கிறது. சேமிப்புக் கணக்கை நான்-ரெசிடென்டுகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக ஆக்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் கையைக் கடிக்கும். வரிக்கு ரெசிடென்ட் ஆனதும் சென்னை வட்டியும் இங்கே வருமானம்; அங்கே கட்டிய வரிக்குக் கிரெடிட் கேட்கலாம். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் ‘எஃப்பார்’ என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை போட வேண்டும். ‘பணம் அம்மாவுடையது’ என்ற சமாதானம் எடுபடாது. கூட்டுக் கணக்கின் முழுத் தொகையும் சேரும். இது வரிப் படிவத்தோடு போகாது, அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் பிரிவுக்கு ஆன்லைனில் தனியாகப் போக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வேண்டுமென்றே செய்யாத தவறுக்கும் சட்டத்தில் 10,000 டாலர் வரை அபராதம் உண்டு; பணவீக்கத்துக்கேற்ப அது ஏறியும் வருகிறது. எஃப்பாரைக் காலத்தில் போடாத பிட்னர் என்பவரின் ஐந்து ஆண்டுப் படிவங்களில் வர வேண்டிய 272 கணக்குகளுக்கும் தனித்தனியாக அரசு அபராதம் கேட்டது, மொத்தம் 27.2 லட்சம் டாலர். அபராதம் கணக்குக்கு ஒன்றல்ல, ஆண்டுப் படிவத்துக்கு ஒன்றுதான் என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து ஆண்டுக்கு 50,000 டாலரோடு போயிற்று. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் அந்தத் தீர்ப்புக்கு உடன்படவில்லை.

2024-க்கு எஃப்பார் விட்டுப்போயிருந்தால், ஐ.ஆர்.எஸ். கடிதம் வருவதற்கு முன்பே இரண்டு கணக்குகளின் ஸ்டேட்மென்டோடும் உங்கள் சி.பி.ஏ.யைப் பாருங்கள்.