மார்கழிப் பனியில் மழலையோடு கைவேலை



மார்கழியும் தையும் வந்தால் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் காலம். காலையில் பனி. மாலையில் சீக்கிரம் இருட்டிவிடும். உங்களுக்கோ அறுவடை நெருக்கம். "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குதே" என்று சலித்துப்போய், செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். குழந்தை அடங்கிவிடுகிறது, உண்மைதான். கூடவே அதன் கையும் வாயும் அடங்கிவிடுகின்றன.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. காசு செலவில்லை. வீட்டிலும் தோட்டத்திலும் கிடக்கும் பொருள்களை வைத்து, தினம் கால்மணி நேரம் குழந்தையோடு உட்கார்ந்து ஏதாவது செய்யுங்கள். 1 வயது முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஏற்ற சில கைவேலைகளை இங்கே சொல்கிறோம். எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்கிறோம். இரண்டையும் படியுங்கள்.

ஏன் இந்தக் கைவேலை?

3 வயது முடிவதற்குள் குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 80 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. இந்த வளர்ச்சிக்குச் சத்துணவு வேண்டும், தடுப்பூசி வேண்டும். அதே அளவுக்குப் பேச்சும் விளையாட்டும் வேண்டும். பிசைவது, கிள்ளுவது, அடுக்குவது, கிறுக்குவது எல்லாம் பிறகு பென்சில் பிடிப்பதற்கும் தானே எடுத்துச் சாப்பிடுவதற்கும் விரல்களுக்குப் பயிற்சி.

2 வயது வரை செல்போன், டி.வி. வேண்டவே வேண்டாம். அதன் பிறகும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன யோசனையும் இதுதான்.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்? 1 வயதில் சிறு பொருளை இரு விரலால் கிள்ளி எடுக்கும். 1½ வயதில் கிறுக்கும். 3 வயதுக்குள் நீங்கள் ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் பார்த்துப் போட முயலும். அதற்கு மேல் எதிர்பார்த்து அதட்டாதீர்கள். பொம்மை கோணலாக இருந்தால் என்ன? கோணல் பொம்மையே போதும்.

என்னென்ன செய்யலாம்?

1. கொழுக்கட்டை மாவு: அரிசி மாவில் கொதிநீர் விட்டுக் கிளறி, ஆறின பின் பிசைந்துகொள்ளுங்கள். ஒரு உருண்டையில் மஞ்சள் தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு, மற்றொன்றில் முருங்கைக்கீரைச் சாறு சேர்த்தால் மூன்று நிறம். குழந்தை கையில் ஒரு எலுமிச்சை அளவு கொடுங்கள். உருட்டட்டும், தட்டட்டும், குத்தட்டும். "இது பாம்பு, இது தோசை, இது தாத்தா மூக்கு" என்று நீங்களும் செய்து காட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான தட்டில் செய்ததென்றால் அதையே ஆவியில் வேகவைத்துக் கொடுக்கலாம். தான் செய்த கொழுக்கட்டையைத் தின்கிற குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

2. வெண்டைக்காய் அச்சு: முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ மாதிரி இருக்கும். அதை மஞ்சள் கரைசலிலோ பீட்ரூட் சாற்றிலோ தொட்டுப் பழைய துணியில் ஒற்றச் சொல்லுங்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கட்டம் கட்டமாக இருக்கும். அதுவும் நல்ல அச்சு. நறுக்குவது உங்கள் வேலை. ஒற்றுவது குழந்தையின் வேலை. அரிவாள்மனையை மடக்கி, எட்டாத இடத்தில் வைத்த பிறகு குழந்தையைக் கூப்பிடுங்கள்.

3. குட்டிக் கோலம்: மார்கழியில் வாசல் நிறையக் கோலம் போடுகிறீர்கள். அதில் ஒரு மூலையைக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். இருட்டோடு எழுப்ப வேண்டாம். வெயில் வந்த பிறகு சட்டை, குல்லா போட்டு உட்கார வையுங்கள். கையளவு அரிசி மாவைக் கொடுத்தால் தூவும், இழுக்கும், அழிக்கும். நீங்கள் வைத்த புள்ளிகளின் மேல் பூசணிப்பூ இதழை வைக்கச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து எண்ணுங்கள்.

4. ஓலையும் இலையும்: தென்னை ஓலையில் கைக்கடிகாரம், மோதிரம், மூக்குக்கண்ணாடி பின்னத் தெரியாத அப்பா நம் ஊரில் அபூர்வம். ஈர்க்கை உருவிவிட்டுப் பின்னிக் கொடுங்கள். பூவரச இலையைச் சுருட்டி நுனியை நசுக்கினால் பீப்பீ. 2 வயதுக்கு மேல் ஊதக் கற்றுக்கொள்ளும். இலையை முதலில் கழுவிக்கொள்ளுங்கள். காற்றாடி செய்தால் முள் குத்திய முனையை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

5. கொட்டாங்கச்சி: நாலைந்து கொட்டாங்கச்சியை நாரும் சிராயும் போகத் தேய்த்துக் கொடுங்கள். கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கட்டும். ஈர மண்ணை நிரப்பித் தட்டினால் மண் இட்லி. ஆடு, மாடு, மனிதர் அசுத்தம் செய்யாத இடத்து மண்ணாகப் பார்த்து எடுங்கள். முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

எதைத் தொடக்கூடாது?

இந்த வயதில் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும். ஆகவே,

குண்டுமணி: பிள்ளையாருக்குக் கண் வைக்க அழகாக இருக்கும். ஆனால் அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அரளி: பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. மாலை கட்டும் இடத்தில் குழந்தை விளையாட வேண்டாம்.

எருக்கு: அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும்.

சுண்ணாம்பு: மஞ்சளோடு சேர்த்தால் சிவப்பு நிறம் வரும் என்று ஆரத்தித் தட்டைப் பார்த்து எல்லோருக்கும் தெரியும். குழந்தையின் மாவில் அதைச் சேர்க்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவையோ பாக்கெட்டையோ விளையாடக் கொடுக்கவே கூடாது. அமுக்கினால் கண்ணில் தெறிக்கும், பார்வையே போய்விடும்.

கற்பூரம், மண்ணெண்ணெய்: கற்பூரத்தைக் கல்கண்டு என்று வாயில் போட்டால் வலிப்பு வரலாம். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

புளியங்கொட்டை, நிலக்கடலை, மணி, பட்டன், காசு: மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பல்லாங்குழியெல்லாம் 3 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்துக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு நகராதீர்கள். மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் கணப்புச் சட்டியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகையில் வாசனையே தெரியாத விஷவாயு உண்டு.

தப்பித் தவறி நடந்துவிட்டால்?

தொண்டையில் ஏதாவது சிக்கி, குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் உடனே முன்பக்கம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்டுங்கள். வெளியே வரவில்லையென்றால் பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேல்வாக்கில் அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். (1 வயது ஆகாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது.) தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், பொருள் இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

கண்ணில் சுண்ணாம்போ எருக்கம்பாலோ பட்டால், சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதையும் விடவேண்டாம். நஞ்சு எதையாவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்ற விதையை அல்லது பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

அப்பாவுக்கும் பங்கு உண்டு

"ஏங்க, செத்த இவனை வச்சுக்குங்க, உலை கொதிக்குது" என்று மனைவி சொன்னால், "அதெல்லாம் பொம்பளை வேலை" என்று துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடுப்பங்கரையில் காலைச் சுற்றுகிற குழந்தை சுட்டுக்கொள்ள ஒரு நொடி போதும். அந்தக் கால்மணி நேரம் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓலைக் கடிகாரம் பின்னினால், வீட்டில் மூன்று பேருக்கும் நல்லது. சோறு நிம்மதியாக வெந்துவிடும். குழந்தைக்கு நாலு புதுச் சொல் கிடைக்கும். உங்களுக்கோ, குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் உறவு கிடைக்கும். பையன் என்றும் பெண் என்றும் இதில் பேதம் வேண்டாம். இருவருக்கும் அதே மாவு, அதே ஓலை.

விளையாட்டில் தெரியவரும் குறைகள்

இப்படிச் சேர்ந்து உட்காரும்போதுதான் குழந்தையின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். கீழ்க்கண்டவற்றில் எதையாவது கவனித்தால், "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள்:

1½ வயதாகியும் தனியாக நடக்கவில்லை.

2 வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை.

பின்னால் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

முன்பு செய்ததை, பேசியதை இப்போது விட்டுவிட்டது.

இது யாருடைய பாவமும் அல்ல, யாருடைய தோஷமும் அல்ல. உங்கள் ஊர் நர்சம்மாவிடமோ அங்கன்வாடி அம்மாவிடமோ கூட்டிப்போய்க் காட்டுங்கள். காது கேட்பதில் குறையா, வேறு ஏதாவதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு பலன் கிடைக்கும்.

இன்று மாலை விளக்கு வைத்ததும் முதலில் கொழுக்கட்டை மாவில் தொடங்குங்கள். ஒரு பிடி மாவும் இரண்டு பேருடைய மடியும் இருந்தால் போதும்.