காணாமற்போகும் சிறு திரள்கள்

செய்தித்தாளில் வந்த பொதுக்கூட்டப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எல்லாம் புள்ளிகள்! கடைசி வரிசையில் இருப்பவரின் முகத்துக்கு நான்கைந்து புள்ளிகள்தாம் கிடைத்திருக்கும். அவருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. உண்மையிலேயே இல்லையா? புள்ளிகள் போதவில்லை, அவ்வளவுதான்.

கணிப்பொறிக்குள் பேரண்டத்தைப் படைத்துப் பார்க்கும் வானியலாருக்கும் இதே தொல்லை உண்டு. பேரண்டத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். அது ஒளி விடுவதில்லை. ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதைக் கணிப்பொறியில் கோடிக்கணக்கான துகள்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துகளையும் மற்றவை எவ்வளவு விசையுடன் இழுக்கின்றன என்று கணக்கிட்டுச் சிறிது நகர்த்துகிறார்கள். மறுபடியும் கணக்கு, மறுபடியும் நகர்த்தல். துகள்கள் கூடித் திரள்களாகின்றன. இத்தகைய திரள்களின் நடுவில்தான் விண்மீன் மண்டலங்கள் உருவாகின்றன.

2005-இல் வெளியான 'மில்லெனியம்' கணக்கீட்டில் 1,000 கோடிக்கும் மேற்பட்ட துகள்கள்! ஜெர்மனியிலுள்ள ஒரு மீத்திறன் கணிப்பொறி ஒரு மாதத்துக்கு மேல் உழைத்தது. ஆனால் ஒரு துகளின் நிறை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 120 கோடி சூரியன்கள். திரள் என்று ஒப்புக்கொள்ள 20 துகள்களாவது வேண்டும் என்று வைத்தார்கள். பெருக்கிப் பாருங்கள். 2,400 கோடி சூரிய நிறைக்குக் குறைந்த திரள் எதுவும் அங்கே கணக்கில் வராது.

ஆகவே 2008-இல் 'அக்வாரியஸ்' குழுவினர் வேறு வழி கண்டனர். நம் பால்வீதியின் திரளைப் போன்ற ஒன்றை மட்டும் நுண்ணிய துகள்களால் அமைத்து, சுற்றுப்புறத்தைப் பருமனாக விட்டனர். துகளின் நிறை சுமார் 1,700 சூரியன்களாகக் குறைந்தது. உள்ளே ஏறத்தாழ 3 லட்சம் சிறு திரள்கள் தெரிந்தன!

இன்னொரு சிக்கலும் உண்டு. இரு துகள்கள் மிக நெருங்கினால் ஈர்ப்பு விதியின் வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கும். விசை கட்டுக்கடங்காமல் போகும். எனவே குறுகிய தொலைவில் விசையை வேண்டுமென்றே மென்மைப்படுத்துகிறார்கள். இதனால் சிறு திரளின் நடுப்பகுதி தளர்ந்துவிடுகிறது. பெரிய திரளுக்குள் அது விழும்போது, கடலில் ஓதத்தை எழுப்புகிறதே, அதே வகை விசை அதை எளிதில் பிய்த்துவிடும். கணக்கீடுகளில் காணும் இத்தகைய அழிவில் பெரும்பகுதி செயற்கையானதே என்று 2018-இல் பிராங்க் வான் டென் போஷும் உடன் ஆய்ந்தோரும் வாதிட்டனர்.

அழிந்தால் என்ன என்று கேட்பீர்கள். கரும்பொருள் துகள்கள் தொடக்கத்தில் விரைந்து ஓடியிருந்தால் சிறு திரள்கள் தோன்றியிரா. மெல்ல நகர்ந்திருந்தால் ஏராளமாகத் தோன்றியிருக்கும். ஆகவே அவற்றின் எண்ணிக்கையே கரும்பொருளின் இயல்பைச் சொல்லும் சாட்சி. சாட்சியை நம் கணக்கே தொலைத்துவிட்டால்?

வானத்திலும் தேடுகிறார்கள். 2006-இல் கண்டறியப்பட்ட ஜிடி-1 என்ற நீண்ட விண்மீன் ஓடையில் இடைவெளிகள் தெரிகின்றன. விண்மீன்களே இல்லாத ஒரு கரும்பொருள் திரள் ஊடுருவிச் சென்ற தடமாக அது இருக்கலாம் என்கிறார்கள் சிலர்.